மாரிக்கு முன் ஏ.சி.யை என்ன செய்யலாம்? திருகோணமலைக் கரையோர வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கனடாவில் இருக்கும் மாமா மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு ஏ.சி.க்கு ஓர் உறை அனுப்பியிருந்தார். அங்கே குளிர்காலம் தொடங்க முன் வெளியே நிற்கும் யூனிட்டை மூடிவிடுவார்களாம். நாங்களும் நவம்பரில் அதைப் போட்டு, அடிவரை கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். பெப்ரவரியில் அவிழ்த்தால் உள்ளே எலிக்கூடு. வயர் கடிபட்டிருந்தது, அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தன. திருத்த வந்த தம்பி, "அக்கா, இது பனி கொட்டுற ஊருக்குச் செய்தது. இங்க உள்ளுக்கு வேர்த்து வேர்த்தே கறள் பிடிச்சிடும்" என்றார்.

அவர் சொன்னது சரி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே வெப்பம் 24 பாகை செல்சியஸ் அளவுக்குத்தான் இறங்கும். குளிரால் எதுவும் கெடாது. கெடுப்பவை ஈரம், உப்பு, மின்னல் மூன்றும்தான். வருட மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டுகிறது. கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையைக் கடந்து வருகிறது. வாடை தொடங்கிவிட்டால் திறந்த கடலின் உப்புத்தூவானம் நேரே சுவரில் அடிக்கும். அதனால் திருக்கடலூர், உப்புவெளிப் பக்கம் வடகிழக்கைப் பார்த்துப் பொருத்திய யூனிட்டுக்கு, உட்துறைமுக வீதியில் மறைவாக நிற்பதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் முதலில் அரிபடுவது அலுமினியம்.

செப்டெம்பர் கடைசியில், பிரேக்கரை நிறுத்திவிட்டு, வெளி யூனிட்டின் தகடுகளை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். வாகனம் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடிந்துவிடும். கரையோரக் கிணறுகள் பல உவர் என்பதால் குழாய்த் தண்ணீரையே பாவியுங்கள். உவர்நீரால் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான். மூடியைக் கழற்றி உள்ளே கை வைக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிற்றரில் மின்னேற்றம் நிற்கும். மழைக்கு மறைப்பு வேண்டுமானால் மேலே மட்டும் ஒரு தகரமோ பலகையோ போதும், பக்கங்கள் காற்றோட்டமாக இருக்கட்டும். யூனிட்டைத் தாங்கும் இரும்புப் பிரக்கெற்றையும் ஆணிகளையும் ஆட்டிப் பாருங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே திரியாய், குச்சவெளிப் பக்கம்தான் கரையைக் கடந்தது. மாடிச் சுவரில் கறள் பிடித்த ஆணியில் தொங்கும் யூனிட்டுக்கு அவ்வளவு பெரிய புயலும் தேவையில்லை.

உள்ளே இருப்பதை நாங்கள் அலட்சியமாக விட்டதுண்டு. ஒரு வருடம் கடைசியாகக் குளிரில் ஓடவிட்டு அப்படியே நிறுத்தினோம். மார்ச்சில் திரும்பப் போட்ட முதல் இரவே அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஈரமாக நின்ற கொயிலில் பூஞ்சணம் பிடித்திருந்தது. இப்போது ஃபில்டரைக் கழுவி நிழலில் காயவைத்துப் பூட்டிய பிறகு, மழையில்லாத ஒரு நாளில் இரண்டு மூன்று மணித்தியாலம் குளிர் இல்லாமல் விசிறியை மட்டும் ஓடவிடுகிறோம். தண்ணீர் வடியும் குழாயின் வாயையும் பாருங்கள். குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தால் தண்ணீர் அறைச் சுவரில்தான் வடியும். ரிமோட்டின் பற்றரியைக் கழற்றி வைப்பது சின்ன வேலை, செய்துவிடலாம்.

மின்னலைப் பற்றித்தான் ஊரில் தவறான நம்பிக்கை அதிகம். இலங்கையில் மின்னல் கூடுதலாக இருப்பது மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும். "ட்ரிப் ஸ்விட்ச் இருக்குத்தானே" என்பார்கள். அது மின்கசிவில் இருந்து ஆளைக் காப்பாற்றப் பூட்டியது, இன்வேர்ட்டர் ஏ.சி.யின் போர்டை மின்னலில் இருந்து காப்பாற்றாது. ரிமோட்டால் நிறுத்தினாலும் போர்டு மின்னிணைப்பில்தான் இருக்கும், சில வாட் மின்சாரமும் போய்க்கொண்டிருக்கும். ஏ.சி.க்கென்று நியூட்றலையும் சேர்த்துத் துண்டிக்கும் தனி ஸ்விட்ச் இருந்தால் நல்லது. இடி கேட்கத் தொடங்க முன்பே அதை நிறுத்திவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அதைத் தொடப் போகாதீர்கள்.

ஆனால் மூன்று மாதமும் அடியோடு நிறுத்தி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏறிய மின்கட்டணத்தை மறக்கவில்லை. என்றாலும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, இடி மின்னல் இல்லாத பகலில், 'ட்ரை' முறையில் அரை மணித்தியாலம் ஓடவிட்டால் கொம்பிரசரின் எண்ணெய் சுற்றும், அலுமாரிச் சேலைகளும் பூஞ்சணம் பிடிக்காமல் தப்பும். அதன் பிறகும் விசிறியால் காயவைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

பெப்ரவரியில் வாடை தணிந்ததும் வெளி யூனிட்டை இன்னொரு தடவை கழுவ வேண்டும். மாரி முழுக்கப் படிந்த உப்பு அப்போதுதான் போகும். அறை குளிரவில்லை என்றால் உடனே காஸ் அடிக்கச் சொல்லாதீர்கள். காஸ் தானாகத் தீர்ந்துபோவதில்லை, குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். புதிய ஏ.சி.கள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 காஸ் தீப்பற்றக்கூடியது என்பதால், அந்த வேலையைப் பழகியவரிடமே கொடுங்கள்.