ஸ்மாஷ் அடிக்க விடாதவர்

முகப்பேர் ஏரித் திட்டத்துப் பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு ஷட்டில் கோர்ட்டில் வாரத்துக்கு நாலு நாள் காலையில் ஆடுகிறேன். எதிரில் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஒருவர் இருப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். இளமையில் அவர் ஆடியது இறகுப்பந்து இல்லை, பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து வெட்டவெளியில் ஐந்து ஐந்து பேராக ஆடுவார்களே, தஞ்சாவூரில் பிறந்ததாகச் சொல்லப்படுகிற ஆட்டம், அது. மணிக்கட்டு இன்னும் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. அவர் ஸ்மாஷே அடிக்க மாட்டார். நான் அடிப்பேன், தோற்பேன்.

ஒருநாள் தண்ணி குடிக்கிற இடைவெளியில் கேட்டே விட்டேன். "உனக்கு நல்லா அடிக்க வருதுன்னு அடிக்கிற தம்பி. எனக்கு எது பிடிக்கலன்னு ஒரு தடவையாவது பார்த்தியா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு இந்திய பேட்மிண்டனில் ஒரு பெரிய பதில் உண்டு. 1980 மார்ச் 23, லண்டன் வெம்ப்ளி. ஆல் இங்கிலாந்து ஒற்றையர் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங். 1978, 1979 என்று அடுத்தடுத்து இரண்டு முறை பட்டம் வென்றவர். எகிறிக் குதித்து அவர் அடிக்கிற ஸ்மாஷுக்கு அவர் பெயரையே வைத்து 'கிங் ஸ்மாஷ்' என்றார்கள். மறுபக்கம் பெங்களூரின் பிரகாஷ் படுகோன், இருபத்தைந்து வயதுகூட ஆகாதவர். மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆடிக் கற்றவர். முகூர்த்த நாளில் பயிற்சி கிடையாது, பந்தி முடிந்த பிறகுதான் வலை கட்ட முடியும். அந்த மண்டபத்திலிருந்து போனவர் கிங்கை 15-3, 15-10 என்று தோற்கடித்தார். ஆல் இங்கிலாந்தை வென்ற முதல் இந்தியர் அவர்தான்.

இந்த வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 'மென்மை', 'நளினம்' என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிரகாஷ் பிறவியிலேயே மெதுவாக ஆடுகிறவர் அல்ல. இளவயதில் ரூடி ஹார்ட்டோனோவின் ஆட்டத்தைப் பார்த்துத் தாக்கி ஆடப் பழகியவர். அந்த ஹார்ட்டோனோ எட்டு முறை ஆல் இங்கிலாந்து வென்ற மனிதர், சாதுவான ஆட்டக்காரர் இல்லை. அப்படிப்பட்ட பிரகாஷ் அன்று வேகத்தைக் குறைத்தார் என்றால் அது சுபாவத்தால் வந்ததாக இருக்காது. எதிரில் நின்ற ஆளைப் பார்த்துப் போட்ட கணக்கு அது.

கணக்கை விளக்கிப் பார்க்கலாம். ஒற்றையர் கோர்ட்டில் ஒருவர் காக்க வேண்டிய பாதி 6.7 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம். மூலைக்கு மூலை எட்டு மீட்டருக்கு மேல். பின் கோட்டிலிருந்து குதித்து ஸ்மாஷ் அடிக்கிறவன் தரையில் இறங்க வேண்டும், நிதானத்துக்கு வர வேண்டும், பிறகு நடுவுக்குத் திரும்ப வேண்டும். அவன் அடித்த பந்தை ஒருவன் மெத்தென்று வாங்கி, எதிர் மூலையில் நெட்டை ஒட்டி விழவிட்டால் அந்த எட்டு மீட்டரையும் ஓடித்தான் எடுக்க வேண்டும். இரண்டு முறை எடுத்துவிடலாம். பத்தாவது முறை கால் கேட்காது. அதைவிடப் பெரிய உபாயம், குதிக்க வசதியான உயரத்தில் பந்தையே தராமல் இருப்பது. பிரகாஷ் டிராப் போட்டார், ஹாஃப் ஸ்மாஷ் அடித்தார், நெட் பக்கம் மட்டையைப் பிடித்து நிறுத்தி, எங்கே போகும் என்று காட்டாமல் தள்ளினார். வேகமாக ஆட வந்தவருக்கு வேகம் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்து விதியும் இதற்கு இடம் கொடுத்தது. 15 புள்ளி ஆட்டம், சர்வீஸ் கையில் இருந்தால்தான் புள்ளி. நம் சர்வீஸில் ராலியைத் தோற்றால் சர்வீஸ் மட்டும்தான் போகும், எண்ணிக்கை அப்படியே நிற்கும். காத்திருப்பதற்குப் பெரிய விலை இல்லை. 2006இல் 21 புள்ளி முறை வந்தது. இனி எந்த ராலி முடிந்தாலும் யாருக்காவது ஒரு புள்ளி. பொறுமைசாலிகளின் காலம் முடிந்தது என்று அப்போது நானும் நினைத்தேன். யோசித்தால் கத்தி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. வெளியே அடிக்கிற ஒவ்வொரு ஸ்மாஷும் இப்போது நேராக எதிராளியின் கணக்கில் ஏறுகிறது. அடிக்கிறவனுக்கும் பயம் வந்துவிட்டது.

அந்தப் பயத்தில் பிழைக்கிற ஆட்டத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் நம்ம சென்னைப் பையன் சங்கர் முத்துசாமி சுப்பிரமணியன். இடது கைக்காரர், எதையும் திருப்பி எடுப்பவர். 2022இல் ஸ்பெயினின் சான்டான்டரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் இறுதிவரை போனார். அங்கே சீன தைபேயின் குவோ குவான்-லின்னிடம் 14-21, 20-22 என்று தோற்று வெள்ளி. 2025 மார்ச்சில் பாசல் நகரில் சுவிஸ் ஓப்பன். எதிரில் அப்போதைய உலகின் இரண்டாம் நிலை வீரர், டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆண்டன்சன். முதல் கேம் 18-21 என்று கைவிட்டுப் போனது. அடுத்தது 21-12. மூன்றாவது 21-5. அஞ்சு! உலகின் இரண்டாம் நம்பர் ஆட்டக்காரன் ஒரு கேமில் அஞ்சு புள்ளியோடு நிற்பதற்கு எதிராளியின் கை வலிமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. அடித்ததெல்லாம் திரும்பி வந்தால், அடுத்ததைக் கோட்டுக்கு இன்னும் கிட்டே அடிக்கத் தோன்றும். கிட்டே கிட்டே போய்க் கடைசியில் வெளியே விழும்.

இதைப் பெரியவரிடம் உற்சாகமாகச் சொன்னேன். "சரி, அடுத்த ஆட்டம் என்னாச்சு?" என்றார். கால் இறுதியில் பிரான்ஸின் கிறிஸ்டோ போபோவிடம் 10-21, 14-21 என்று சங்கர் தோற்றிருந்தார். அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சொன்னேன்.

பிரகாஷுக்கும் அப்படித்தான். 1981 ஆல் இங்கிலாந்து இறுதியில் அதே லியெம் ஸ்வீ கிங். முதல் கேம் பிரகாஷுக்கு 15-11. அடுத்த இரண்டும் கிங்குக்கு, 15-4, 15-6. போன வருஷம் எது தன்னை வீழ்த்தியது என்று நினைவில் வைத்திருக்கிற ஆள் திரும்பி வந்தால், பழைய பதில் செல்லாது. 1980ஐக் கொண்டாடுகிற கட்டுரைகள் பெரும்பாலும் 1981 வரைக்கும் வருவதில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஸ்மாஷை விட்டுவிட்டு டிராப்பும் டாஸுமாக ஆடிப் பார்த்தேன். முதல் நாள் 17 வரை போனேன். இரண்டாம் நாளே அவர் என் டிராப்புக்கு முன்கூட்டி வந்து நின்றுவிட்டார்.

"இப்ப அடி தம்பி," என்றார் நெட் பக்கத்தில் நின்றுகொண்டு. "பின்னாடி காலியாத்தான் இருக்கு."