விளையாடக் கற்ற கணினியும் அதன் விதிப்புத்தகமும்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் ஒரு நாள் மடிக்கணினியில் ஒரு படம் காட்டினான். திரையின் கீழே ஒரு மட்டை, ஒரு பந்து, மேலே வண்ண வண்ணச் செங்கல் வரிசைகள். பந்து பட்டால் செங்கல் மறையும், மதிப்பெண் ஏறும். "தாத்தா, இதை ஆடறது மனுஷன் இல்லே, கம்ப்யூட்டர். யாரும் சொல்லிக் கொடுக்காம தானாவே கத்துக்கிட்டது" என்றான்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவரின் ஓரத்தில் ஒரு சந்தை உடைத்து, பந்தை அதன் வழியே மேலே அனுப்பி, வேலையைப் பந்தே பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டது அந்த இயந்திரம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் பேரேடு பார்த்தவனுக்கு வேறு சந்தேகம் வந்தது. "அதுக்குக் கை கிடையாதே, யார் அதுக்கு மட்டையைக் கொடுத்தது? மதிப்பெண்ணை யார் கூட்டினது?" என்று கேட்டேன். பேரனுக்குத் தெரியவில்லை. அதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆட்டம் அடாரி 2600 என்ற அமெரிக்கப் பெட்டிக்காக எழுதப்பட்டது. பெட்டி 1977-ல் விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆட வேண்டும். அதன் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். இந்தப் பத்தியைக்கூட அதில் வைக்க முடியாது! தயாரிப்பின்போது அதற்கு வைத்த ரகசியப் பெயர் ஸ்டெல்லா. அதை வடிவமைத்த பொறியாளர்களில் ஒருவரான ஜோ டெக்யூரின் சைக்கிள் பெயர் அது. பின்னாளில் பிராட்ஃபோர்ட் மாட் என்பவர், அந்தப் பெட்டி இல்லாமலே அதன் ஆட்டங்களைச் சாதாரணக் கணினியில் ஓட்டும் மென்பொருள் ஒன்றை எழுதி, அதற்கும் ஸ்டெல்லா என்றே பெயர் வைத்தார்.

கனடாவின் எட்மன்டன் நகரில் உள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் யாவர் நடாஃப் என்ற மாணவர், 2010-ல் தமது முதுநிலை ஆய்வுக்காக இந்த ஸ்டெல்லாவின் மேல் ஒரு கருவியைக் கட்டினார். அதை வளர்த்தெடுத்து, பெல்மேர், நடாஃப், வெனஸ், பௌலிங் ஆகிய நால்வரும் 2013-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பெயர் 'ஆர்கேட் லேர்னிங் என்விரான்மென்ட்'.

கருவியின் வேலை எளிது. திரையில் உள்ள படத்தையும் கிடைத்த மதிப்பெண்ணையும் கற்கும் நிரலிடம் கொடுக்கும். நிரல் ஓர் அசைவைச் சொன்னால் அதை ஆட்டத்துக்குள் செலுத்தும். மொத்த அசைவுகள் 18. குச்சியை எட்டுத் திசையில் தள்ளலாம், சும்மாவும் விடலாம். இந்த ஒன்பதையும் பொத்தானை அழுத்தியும் அழுத்தாமலும் செய்யலாம். 55 ஆட்டங்களில் சோதித்து, நிரலையும் கையேட்டையும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

அதே 2013-ன் இறுதியில் லண்டனின் டீப்மைண்ட் நிறுவனம் இந்தக் கருவியை வைத்து 7 ஆட்டங்களைக் கணினிக்குக் கற்பித்தது. 2015-ல் 'நேச்சர்' இதழில் 49 ஆட்டங்களின் முடிவு வந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சுமார் 38 நாள் தொடர்ந்து ஆடிய அளவுக்குப் பயிற்சி. பல ஆட்டங்களில் மனிதனை மிஞ்சியது. 'மான்டெசுமாஸ் ரிவெஞ்ச்' என்ற ஆட்டத்தில் பூஜ்யம்.

பிறகுதான் கணக்குத் தணிக்கை. அந்தப் பழைய பெட்டிக்குத் தாயக்கட்டை உருட்டத் தெரியாது. ஒரே அசைவுகளை அதே வரிசையில் கொடுத்தால் ஒரே முடிவுதான் வரும். ஆகவே திரையைப் பார்க்காமலே அசைவுகளை மனப்பாடம் செய்கிற நிரலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடிந்தது. வினாத்தாள் மாறாது என்று தெரிந்த மாணவன் மாதிரி! இதோடு, ஓர் ஆய்வகம் ஓர் உயிர் போனாலே ஆட்டம் முடிந்தது என்று கணக்கிட்டது, இன்னொன்று எல்லா உயிரும் போன பிறகு. பயிற்சியின் அளவும் ஆளுக்கு ஆள் வேறு. அப்படியிருக்க, யார் முதல் என்று எப்படிச் சொல்வது?

2018-ல் மச்சாடோவும் அவரோடு சேர்ந்தவர்களும் (பழைய குழுவினர் மூவர் இதிலும் உண்டு) இதையெல்லாம் பட்டியலிட்டுப் புது விதிகளை எழுதினார்கள். நான்கில் ஒரு தடவை, நிரல் சொன்ன புது அசைவை விட்டுவிட்டு முந்தைய அசைவையே கருவி திரும்பச் செய்யும். மனப்பாடம் செல்லாது. எதை ஆட்டத்தின் முடிவாகக் கொள்வது, எத்தனை படங்கள் பயிற்சி பெற்றதும் மதிப்பெண்ணைக் குறிப்பது என்பதையும் எழுதிவைத்தார்கள்.

இதை ஒட்டி இன்னொன்று. 2016-ல் ஓபன்ஏஐ நிறுவனம் 'ஜிம்' என்ற பொதுக் கருவியை வெளியிட்டது. அதில் ஆட்டம் முடிந்தால் 'முடிந்தது' என்ற ஒரே குறிப்புதான் வரும். 2022-ல் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: ஆட்டமே முடிந்தது ஒன்று, நேரம் தீர்ந்ததால் நிறுத்தியது மற்றொன்று. இரண்டையும் குழப்பினால், இனி மதிப்பெண்ணே கிடையாது என்று கணினி தவறாகக் கற்றுக்கொள்ளும். வாடிக்கையாளர் கணக்கை முடித்துக்கொண்டு போவதும், மார்ச் 31-ல் நாம் ஏட்டை மூடுவதும் ஒன்றா?

நான் பணியாற்றிய ஒரு கிளையில் கணினி வந்த புதிதில், வட்டிக் கணக்கு கைக்கணக்கோடு ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் சில பைசாதான். இரவு பத்து மணி வரை உட்கார்ந்து பார்த்தோம். கடைசியில், பைசாவை மாதாமாதம் முழுமையாக்குவதா, அரையாண்டு முடிவில் ஒரே தடவை செய்வதா என்பது எங்கேயும் எழுதப்படவில்லை என்று தெரிந்தது. இயந்திரமும் சரி, நாங்களும் சரி, விதிதான் இல்லை. அதற்குள் இரண்டு குமாஸ்தாக்கள் திட்டு வாங்கியிருந்தார்கள்.

இன்று இயந்திரம் அதை வென்றது, இதை வென்றது என்று தினமும் செய்தி வருகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. எந்த விதியில் வென்றது, அதை யார் எழுதிவைத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. பேரன் ஊருக்குப் போன பிறகு தொலைபேசியில் சொன்னான்: "தாத்தா, நீங்க சொன்ன அந்தக் கையேட்டைப் படிச்சேன். ஆட்டத்தைவிட அது கஷ்டம்." ஆமாம் கண்ணா, பேரேடும் அப்படித்தான் இருந்தது.