கறுப்பின மக்களின் வரலாறும் அவர்தம் புதினங்களும்

நம் பள்ளி மாணவர்கள் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. "ஐயா, வரலாற்றுப் பாடத்தில் மன்னர் பெயர் இருக்கிறது, அவர் கட்டிய கோயிலின் பெயர் இருக்கிறது. கல் சுமந்த நம் முன்னோர் பெயர் எங்கே இருக்கிறது?" என்பதே அது. இவ்வினாவைக் கேட்கும்போதெல்லாம் நம் எண்ணம் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள்பால் செல்கின்றது. அவர்களும் இதே வினாவைக் கேட்டனர். விடையைத் தாமே எழுதினர். அவ்விடையின் பெரும்பகுதி அவர்தம் புதினங்களில் உள்ளது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1850, 1860ஆம் ஆண்டுகளில் அந்நாட்டில் மக்கள் தொகைக் கணக்கு எடுத்தபோது, அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் வைத்தனர். அதில் உடைமையாளரின் பெயர் உண்டு. அடிமைக்கோ வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே உண்டு. மிகச் சில இடங்கள் நீங்கலாகப் பெயர் இல்லை. 1860இல் இவ்வாறு எண்ணப்பட்டோர் 39 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஆவர். அவர்கள் தம் கதையைத் தாமே எழுதி வைக்கலாமென்றால் அதற்கும் தடை இருந்தது. தென் கரோலினாவில் 1740ஆம் ஆண்டுச் சட்டம், அடிமைக்கு எழுதக் கற்பிப்பதைக் குற்றமாக்கிற்று. 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பின்னர், தென் மாநிலங்கள் பலவற்றில் இத்தடை மேலும் இறுகிற்று. எழுத்தறிந்தவன் நெடுநாள் அடிமையாய் இருக்கமாட்டான் என்பதை ஆண்டைகள் நன்கு அறிந்திருந்தனர்.

இத்தகைய இருளில் தோன்றியவர் வில்லியம் வெல்ஸ் பிரௌன். கென்டக்கியில் அடிமையாய்ப் பிறந்த அவர் 1834இல் தப்பியோடினார். அவர் எழுதிய 'குளோட்டல்' என்னும் புதினம் 1853இல் இலண்டனில் வெளிவந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தார் ஒருவர் எழுதி வெளியான முதற்புதினமாக இது கருதப்படுகின்றது. குடியரசுத் தலைவராயிருந்த ஜெஃபர்சனுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த பெண்மக்கள் ஏலத்தில் விற்கப்படுவதாகக் கதை அமைந்துள்ளது. அந்நூல் வெளிவந்த நாளில், சட்டத்தின் கண்களுக்கு அதன் ஆசிரியரே இன்னொருவரின் உடைமைதான். மறு ஆண்டிலேதான் நண்பர்கள் விலை கொடுத்து அவரை மீட்டனர்.

1859இல் பாஸ்டன் நகரில் ஹாரியட் வில்சன் என்னும் அம்மையார் ஒரு புதினம் வெளியிட்டார். வீட்டு வேலைக்காரியாய் உழன்ற அவர், தம் மகனைக் காப்பாற்றப் பொருள் வேண்டியே அதனை எழுதினார். ஆயினும் சில மாதங்களில் அம்மகன் இறந்தான், நூலும் மறக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், ஹென்றி லூயி கேட்ஸ் என்னும் பேராசிரியர் அதனைத் தேடியெடுத்து 1983இல் மீண்டும் பதிப்பித்தார். நூலாசிரியர் கறுப்பினப் பெண்ணே என்பதை மெய்ப்பிக்க உதவிய சான்றுகளுள் அச்சிறுவனின் இறப்புப் பதிவும் ஒன்று. எந்த மகனுக்காகத் தாய் எழுதினாரோ, அந்த மகனே தாயின் பெயரை மீட்டுத் தந்தான் என எண்ணுகையில் நெஞ்சு கனக்கின்றது.

அடிமைப் பெற்றோரின் மைந்தரான கார்ட்டர் உட்சன் என்னும் வரலாற்றறிஞர், தம் மக்களின் வரலாற்றைக் கொண்டாட 1926இல் ஒரு வார விழாவைத் தொடங்கினார். அது 1976 முதல் பிப்ரவரி மாதம் முழுவதும் கொண்டாடப்படுகின்றது. எனினும் விழா மட்டும் எழுத்தாளரைக் காப்பதில்லை. புளோரிடாக் கறுப்பின மக்களின் பேச்சு மொழிக்கே பெருமை சேர்த்து 1937இல் புகழ்மிக்க புதினம் படைத்த சோரா நீல் ஹர்ஸ்டன், 1960இல் வறுமையில் மறைந்தார். அவர் கல்லறையில் பெயர்க்கல்லும் இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் என்னும் இளம் எழுத்தாளர் புதர் மண்டிய இடுகாட்டில் தேடி அவருக்குக் கல் நாட்டினார். அதன் பின்னரே நாடு அவரை மீண்டும் படிக்கலாயிற்று.

புதினம் வரலாறாகுமா என்று கேட்போர் உளர். 1856இல் மார்கரெட் கார்னர் என்னும் அடிமைத்தாய் குடும்பத்துடன் ஒகையோவுக்குத் தப்பினார். பிடிபடும் வேளையில், மீண்டும் அடிமையாக விடலாகாதென்று தம் பெண் குழந்தையைத் தம் கையாலேயே கொன்றார். நாளேடுகள் செய்தி வெளியிட்டன, நீதிமன்றம் விசாரித்தது. ஆயினும் அத்தாயின் உள்ளம் பட்ட பாட்டை எந்த ஆவணமும் பதிக்கவில்லை. அந்த வெற்றிடத்திலிருந்தே டோனி மாரிசன் 1987இல் 'பிலவ்ட்' என்னும் புதினத்தைப் படைத்தார். 1993இல் அவர் நோபல் பரிசு பெற்றார். நிகழ்ந்தது என்ன என்பதற்கு ஆவணமே சான்று; புதினத்தைச் சான்றாகக் காட்டலாகாது. அதனைத் தாங்கி வாழ்ந்தவர் மனிதரே என்பதை உணர்த்துவது புதினம்.

இம்மக்களுக்கும் நமக்குமுள்ள உறவு புதிதன்று. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் தாம் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினப் பேரறிஞர் டு போய்சுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அம்மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார். டு போய்சும் அன்புடன் மறுமொழி விடுத்தார்.

கதைப் புத்தகம் படிக்கும் பிள்ளையைக் கடியும் பெற்றோர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் கதை எழுதியதால்தான் அவர்தம் முன்னோர் இன்று பெயருடன் வாழ்கின்றனர். நம் சங்கத்தின் படிப்பகத்தில் இந்நூல்களுக்கு ஓர் அலமாரி அமையட்டும். அவற்றைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் அன்றிரவே தம் பாட்டியாரின் அருகமர்ந்து, அவர் தாயின் பெயரையும் பாட்டியின் பெயரையும் கேட்டு ஏட்டில் எழுதி வைக்கட்டும். மாணவர் நம்மிடம் கேட்ட வினாவுக்கு விடை அந்த ஏட்டிலிருந்தே தொடங்கும். வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், அவ்வேடுகளிலிருந்து நம் மக்களின் புதினங்கள் பிறந்திருக்க வேண்டுமென வாழ்த்துகின்றோம்.