ஏடு உண்டு, எடுப்பார் உண்டா?

செய்தித்தாளின் ஆயுள் குறைவு. காலையில் படித்தால் மாலையில் பொட்டலம் மடிக்கப் போய்விடும். ஆயினும் சி.கு.மகுதூம் சாயபு சிங்கப்பூரில் 1887ஆம் ஆண்டு தொடங்கிய 'சிங்கைநேசன்' வார இதழை இன்றும் படிக்க முடிகிறது. 1890 வரை வெளிவந்த அவ்விதழின் பக்கங்களைத் தேசிய நூலகம் மின்னாக்கம் செய்து இணையத்தில் வைத்துள்ளது.

ஊரின் நினைவைக் காக்கும் அந்நூலகம் தன் பழைய வீட்டை இழந்ததும் உண்டு. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1960இல் திறக்கப்பட்ட செங்கல் கட்டடம் 2004இல் மூடப்பட்டு, சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டது. பலர் மனம் வருந்தினர். 2005இல் விக்டோரியா ஸ்திரீட்டில் புதிய நூலகம் திறந்தது. கட்டடம் போயிற்று, ஏடுகள் தங்கின.

ஏடு தங்கினால் போதுமா? யாராவது எடுத்துப் படிக்க வேண்டாமா? இங்கேதான் வாசிப்பு நிகழ்ச்சிகளின் தேவை பிறக்கிறது. 2005இல் தொடங்கிய 'வாசிப்போம் சிங்கப்பூர்' இயக்கம் நான்கு மொழிகளிலும் நூல்களைத் தேர்ந்தெடுத்து, மக்களைக் கூடிப் பேசவைத்தது. நாடு விடுதலை பெற்ற பிந்திய ஐம்பது ஆண்டுகளில் வெளியான சுமார் 350 தமிழ் இலக்கிய நூல்கள், தொண்டூழியர்களின் உழைப்பால் 2015இல் மின்னாக்கம் பெற்றன.

கரையானிடமிருந்து ஏட்டைக் காப்பாற்றியாயிற்று. மறதியிடமிருந்து யார் காப்பாற்றுவது? நூறாண்டுக்கு முந்திய தமிழ் நடை இன்றைய மாணவருக்கு எளிதில் பிடிபடாது. நூலகத்தில் பெரியவர் ஒருவர் ஒரு பத்தியை உரக்கப் படித்துப் பொருள் சொன்னால், அது அந்தப் பிள்ளைக்குச் சொந்த ஊரின் கதையாகிவிடும். நூலகம் ஏட்டைத் தேடி வைத்திருக்கிறது. பிள்ளைகளின் கையைப் பிடித்து அங்கே அழைத்துச் செல்வது பெற்றோரின் கடமையாகும்.