செறிவும் விறைப்பும்: நெகிழாமை குறித்த சொற்களின் வரலாறு

நெகிழாத தன்மையைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன என்று எண்ணத் தொடங்குவோர் திண்மை, வன்மை, இறுக்கம், விறைப்பு, கெட்டி என அடுக்கிக்கொண்டே போவர். இவற்றை ஒரு பொருட் பன்மொழி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கஞ்சியிட்ட வேட்டி விறைக்கும், முடிச்சு இறுகும், குளிரில் நெய் உறையும், முதிர்ந்த மரம் வயிரம் பாயும். ஒன்றன் வினையை மற்றொன்றுக்கு ஏற்றினால் செவி உடனே மறுக்கிறது.

இச்சொற்களின் வரலாற்றைத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியலிலிருந்து தொடங்கலாம். தொல்காப்பியர் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக்கினார். பண்பை உணர்த்தும் பொறுப்பில் பெரும்பங்கு உரிச்சொல்லுக்கு உரியது. வெளிப்படையான சொற்களை விட்டு, வழக்கில் அரியவற்றுக்கே பொருள் கூறுவது அவர் முறை. அவ்வகையில் விறப்பு, உறப்பு, வெறுப்பு ஆகிய மூன்றுக்கும் செறிவு என்று பொருள் தருகிறார். செறிவு அன்று விளங்கிய சொல், இன்றும் விளங்குகிறது. மற்ற மூன்றின் கதை வேறு.

உறப்பு வழக்கிழந்தது. வெறுப்பு வாழ்கிறது, ஆனால் பகைமை கலந்த வேறொரு பொருளில். புறநானூற்றின் 53-ஆம் பாடலில் பொருந்தில் இளங்கீரனார், கபிலரின் கேள்வியறிவைச் சிறப்பிக்க இவ்வடியிற் பிறந்த சொல்லையே அடையாக்குகிறார். செறிந்து நிறைந்த அறிவு என்பது பொருள். உரையின் துணையின்றிப் படிக்கும் இன்றைய மாணவர், கபிலர் கல்வியை வெறுத்தாரோ என்று மயங்குவது இயல்பே. புலவர் ஒருவரைப் புகழ எழுந்த சொல், இழித்துரையாக ஒலிக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

விறப்பு அவ்வாறு திரியவில்லை. குளிரில் விறைத்தல், அச்சத்தில் விறைத்தல் என்னும் வழக்குகளை அதனோடு ஓரடியினவாகக் கொள்ளத் தகும். இதற்குத் தொல்காப்பியரே துணை நிற்கிறார். மூன்று சொற்களையும் ஒரு பொருளில் அடக்கிய கையோடு, அவற்றுள் விறப்பு என்பது அச்சப் பொருளையும் தரும் என்று அடுத்துப் பிரித்துரைக்கிறார். கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கையும் ஆரவாரப் பொருளில் தொகுத்த இடத்திலும், அவற்றுள் அழுங்கலுக்கு இரக்கமும் கேடும் பொருளாகும் என்று வேறுபடுத்துகிறார். தொகுத்தபின் பிரிக்கும் இந்த ‘அவற்றுள்’ என்னும் சொல்லே உரியியலின் நுட்பம் எனலாம்.

பின் வந்த நிகண்டுகளில் தொகுத்தல் ஓங்கியது. 9-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் திவாகரம், தன் 12 தொகுதிகளுள் எட்டாவதைப் பண்புப் பெயர்களுக்கு ஒதுக்கிற்று. 16-ஆம் நூற்றாண்டில் மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தப்பாவில் யாத்தார். திண்ணைப் பள்ளிச் சிறுவர் அதை மனப்பாடம் செய்தனர். செய்யுள் யாப்போருக்கு எதுகைக்கும் சீருக்கும் ஏற்ற சொல் உடனே கிடைத்தது. அந்நன்மையை மறுக்க இயலாது. எனினும் சீர் நிரம்பினால் போதும் என்று விறைப்பின் இடத்தில் இறுக்கத்தை வைக்கும் பழக்கமும் அவ்வழியே வந்தது. 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அகர வரிசையைக் கொணர்ந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஒவ்வொரு சொல்லின் பொருள்களையும் எண்ணிட்டுப் பிரித்தது. உரியியலின் முறை ஒருவாறு மீண்டது.

கவிஞர்க்கு இதில் தனி அக்கறை உண்டு. நெகிழாமையைக் குறையாகவே எண்ணும் வழக்கம் இன்று மிகுந்துள்ளது. தண்டியலங்காரமோ, வைதருப்ப நெறியின் பத்துக் குணங்களுள் செறிவை ஒன்றாக வைத்து, ஓசை தளர்ந்து நெகிழாதிருத்தலே அதன் இலக்கணம் என்கிறது. இங்கு நெகிழாமை பாட்டின் உடல்நலம். வறட்டு விறைப்பு அன்று.

கலைச்சொல்லாக்கத்திலும் இவ்வேறுபாடு பயன்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் ஒரே அடைமொழி நிற்கும் இடங்களில், இயற்பியல் நூல்கள் மீட்சியற்ற மோதல் என்கின்றன. பொருளியல் நூல்கள் நெகிழ்ச்சியற்ற தேவை என்கின்றன. மோதிய பொருள்கள் இழந்த இயக்க ஆற்றலை மீளப் பெறுவதில்லை. விலை மாறினும் தேவை அதிகம் இளகுவதில்லை. இரண்டும் பொருத்தமே. தாவரவியலார் ஆக்கிய விறைப்பழுத்தம் என்னும் சொல் இன்னும் சுவையானது. நீர் புகுந்து நிறைந்த உயிரணு, தன் சுவரை உள்ளிருந்து அழுத்தி விறைக்கிறது. நீர் குறைந்தால் இலை துவள்கிறது. உள்ளே செறிந்ததால் வந்த விறைப்பு அது. விறப்புக்குத் தொல்காப்பியர் தந்த பொருளும் செறிவுதான்.