ரெப்ளிகாஸ் (திரைப்படம்)

ரெப்ளிகாஸ், கார் விபத்தில் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த ஓர் அறிவியலாளர், அவர்களை நகல் உடல்களில் மீட்கத் துணிவதைச் சொல்லும் அமெரிக்க அறிபுனைத் த்ரில்லர். ஸ்டீபன் ஹாமெலின் கதைக்குச் சாட் செயின்ட் ஜான் திரைக்கதை எழுத, ஜெஃப்ரி நக்மனாஃப் இயக்கினார். கீயானு ரீவ்ஸ், ஆலிஸ் ஈவ், தாமஸ் மிடில்டிச், ஜான் ஓர்ட்டிஸ் ஆகியோர் நடித்துள்ளனர். கதை நிகழும் போர்ட்டோ ரிக்கோவிலேயே 2016-இல் படப்பிடிப்பு நடந்தது. அமெரிக்கத் திரையரங்குகளில் 2019 ஜனவரி 11 அன்று வெளியானது.

நாயகன் வில்லியம் ஃபாஸ்டர், இறந்த படைவீரர்களின் மனத்தை இயந்திர உடலுக்கு மாற்றும் ஆய்வில் தோற்றுக்கொண்டிருப்பவர். விபத்து நடந்த இடத்திலேயே தன் வீட்டார் நால்வரின் மூளைப் பதிவுகளையும் எடுத்துவிடுகிறார். நகல் உடல் வளர்க்கும் தொட்டிகளோ மூன்றுதான் கிடைக்கின்றன. பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கும்போது, கடைக்குட்டி ஸோயியின் பெயர் வருகிறது. அவளை விட்டுவிடுவதோடு முடியவில்லை. மற்ற மூவரும் அவளைத் தேடக்கூடாது என்று அவர்கள் நினைவிலிருந்தே அவளை அழிக்கிறார். வீட்டில் அவள் பொருட்களையும் அகற்றுகிறார். சாவு வீட்டில் நாலு பேர் கூடி அழுதால் பாரம் குறையும்; இந்தத் தகப்பனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. ஸோயி என்றொரு குழந்தை இருந்ததை அவளுடைய தாயே அறியமாட்டாள். படத்தின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. உடல்கள் வளரும் 17 நாட்களும், இறந்தவர்களின் கைபேசிக்கு வரும் செய்திகளுக்கு அவர்களைப் போலவே பதில் எழுதும் வில்லியத்தைப் பார்க்கையில் நெஞ்சு கனக்கிறது.

அறிவியலைப் பொறுத்தவரை படம் வெகுதூரம் தாவுகிறது. 1996-இல் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் டாலி என்ற செம்மறியாடு பிறக்க, உட்கரு மாற்றிய 277 சினைமுட்டைகள் தேவைப்பட்டன, பிழைத்தது ஒன்றே. அதுவும் ஒரு தாயின் வயிற்றில் வளர்ந்து குட்டியாகத்தான் பிறந்தது. குளோனிங் மரபணுவை மட்டுமே நகலெடுக்கும். பழகிய முகங்களும் பட்ட அனுபவங்களும் அதில் வருவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே படம் மனப்பதிவு என்னும் கற்பனையைச் சேர்த்துக்கொள்கிறது.

பிற்பாதியில் வில்லியம் வேலை செய்யும் நிறுவனத்தின் மேலதிகாரி ஜோன்ஸ் மிரட்டத் தொடங்கியதும் துக்கம் ஒதுங்கி, துரத்தல் முன்னுக்கு வந்துவிடுகிறது. விமர்சகர்கள் பெரும்பாலும் கடிந்தே எழுதினர். சுமார் 3 கோடி டாலரில் எடுத்த படம் உலகெங்கும் ஈட்டியது ஏறத்தாழ 93 லட்சம் டாலர். ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு முடிவில் நேர்கிறது: ஸோயியும் நகலாகத் திரும்பி வந்துவிடுகிறாள். அந்தத் துண்டுச்சீட்டை எடுத்த கையின் நடுக்கத்துக்கு அதன்பின் பொருளில்லாமல் போகிறது.