ஒளிக்கோடும் வெட்டுக்கோடும்: சுற்றுப்பலகை மில்லிங் கோப்புகளின் வளர்ச்சி

செம்புத் தகடு ஒட்டிய பலகையில் மின்தடங்களை உருவாக்க இரு வழிகள் உண்டு. வேண்டாத செம்பை ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசலில் அரித்துப் போக்குவது ஒன்று. சி.என்.சி. இயந்திரத்தில் கூர்முனை பிட்டைச் சுழலவிட்டு, தடங்களின் ஓரமாக உள்ள செம்பை மட்டும் சீவி எடுக்கும் மில்லிங் மற்றொன்று. சுற்றுப்பலகை வடிவமைப்பு மென்பொருள்கள் முதல் முறையை மனத்தில் வைத்தே உருவானவை. செம்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை அவை தரும் கோப்பு சொல்லும்; பிட் எந்த வழியே போக வேண்டும் என்பதைச் சொல்லாது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட்டு எடுப்பதே மில்லிங்குக்கான தயாரிப்பு வேலை. வியப்பு என்னவென்றால், இந்த இரு வகைக் கோப்புகளும் ஒரே தரநிலையிலிருந்து பிரிந்து வந்தவை.

அச்சிட்ட சுற்றுப்பலகையின் வரலாற்றில் வியன்னாவில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பால் ஐஸ்லரின் பெயர் முன்னிற்கிறது. செம்புத் தகட்டை அரித்துத் தடம் உருவாக்கும் முறைக்கு அவர் 1943-ல் காப்புரிமை கோரினார். மில்லிங்கும் ஏறத்தாழ அதே காலத்ததுதான். இங்கிலாந்தில் ஜான் சார்க்ரோவ் 1947-ல் இயக்கிக் காட்டிய தானியங்கி வானொலித் தயாரிப்பு இயந்திரம், பள்ளங்கள் வார்க்கப்பட்ட பேக்கலைட் பலகையின் மேல் துத்தநாகத்தைத் தெளித்தது. பிறகு பலகையின் மேற்பரப்பு மில்லிங் செய்யப்பட, பள்ளங்களுக்குள் தங்கிய உலோகம் மட்டும் தடங்களாக மிஞ்சியது. இங்கே பிட்டுக்குத் தனிப் பாதை எதுவும் தேவைப்படவில்லை. வடிவம் முழுவதும் வார்ப்பிலேயே இருந்தது. பெருந்தொழிலில் வென்றது ஐஸ்லரின் அரிப்பு முறை.

எண்களைக் கொண்டு இயந்திரத்தை இயக்கும் முயற்சி வேறொரு துறையில் தொடங்கியது. ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வளைவுகளைத் துல்லியமாக வெட்டும் தேவையிலிருந்து அமெரிக்காவின் ஜான் பார்சன்ஸ் முன்வைத்த எண்ணத்தை எம்.ஐ.டி. ஆய்வகம் தன்வழியில் வளர்த்தெடுத்தது. துளைத்தாள் நாடாவைப் படித்து இயங்கும் மில்லிங் இயந்திரம் 1952-ல் செயல்விளக்கம் பெற்றது. உற்பத்தியாளர்கள் ஆளுக்கொரு கட்டளை மொழியை வகுத்துக்கொண்ட நிலையில், அவற்றை ஒழுங்குபடுத்த அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் ஆர்.எஸ்.-274 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. பட்டறைகளில் இன்று ஜி-கோட் எனப்படுவது அதன் வழிவந்ததே.

இதே தரநிலையைத் தழுவிய இன்னொரு கருவி ஒளிவரைவி. ஜோசப் கெர்பர் தொடங்கிய நிறுவனம் 1960-களில் உருவாக்கிய இந்தக் கருவியில் பிட்டின் இடத்தில் விளக்கு இருந்தது. அதற்கு முன் வடிவமைப்பாளர்கள் ஒளிபுகும் தாளில் கறுப்பு நாடாக்களைப் பெரிய அளவில் ஒட்டி, கேமரா வழியே சுருக்கிப் படச்சுருள் எடுத்தார்கள். ஒளிவரைவியோ படச்சுருளின் மேலேயே ஒளியால் கோடு இழுத்தது. கோட்டின் அகலத்தையும், கூறுகளின் கால்களைப் பற்றவைக்கும் இடமான பேடின் வடிவத்தையும் முடிவு செய்தது ஒரு சுழல்சக்கரத்தில் பொருத்திய துவாரங்கள். விளக்கு எரிந்தபடி நகர்ந்தால் டி01, அணைந்து நகர்ந்தால் டி02, ஒரே இடத்தில் மின்னினால் டி03. மற்றபடி நேர்கோட்டுக்கு ஜி01, நிரல் முடிவுக்கு எம்02 என்பவை மில்லிங் இயந்திரத்தின் கட்டளைகளே.

இந்த உருவ ஒற்றுமையை நம்பி, ஒளிவரைவிக்கான கோப்பை, அதாவது கெர்பர் கோப்பை, அப்படியே வெட்டுக் கட்டளையாக மாற்றினால் பிட் தடத்தின் மேலேயே ஓடிச் செம்பு முழுவதையும் சீவிவிடும். விளக்கு நடுக்கோட்டில் போக வேண்டும். பிட் ஓரத்துக்கு வெளியே, தன் அகலத்தில் பாதி தள்ளிப் போக வேண்டும். ஓரம் எங்கே என்று தெரிய வேண்டுமானால் துவாரத்தின் அளவு தெரிந்தாக வேண்டும். கெர்பரின் பழைய வடிவமான ஆர்.எஸ்.-274-டி கோப்பில் அது இல்லை. டி10 என்ற எண் மட்டும் இருக்கும்; அது எந்த வடிவம், எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் தனித் தாளிலோ தனிக் கோப்பிலோ கிடக்கும். அளவு அங்குலமா மெட்ரிக்கா, தசமப் புள்ளி எங்கே என்பதும் அப்படியே. ஒளிவரைவியை இயக்குபவர் சக்கரத்தைக் கையால் பொருத்திக்கொண்டதால் தொழிற்சாலைக்கு அது பொறுக்கக்கூடிய குறை. மில்லிங்குக்கு அடிப்படைத் தடை.

அதனால் தொடக்ககால மில்லிங் கோப்பையே நாடவில்லை. ஜெர்மனியில் 1976-ல் நிறுவப்பட்ட எல்.பி.கே.எஃப். சுற்றுப்பலகை நகல் மில்லிங்கில்தான் தொழிலைத் தொடங்கியது. மாதிரி ஒன்றைத் தொட்டு ஓடும் முனையின் அசைவையே வெட்டும் முனையும் பின்பற்றுவது நகல் மில்லிங். மேசைக் கணினி பரவியபின் அந்த இடத்தைக் கணக்கீடு பிடித்துக்கொண்டது. 1988-ல் ஜெர்மனியில் வெளியான ஈகிள் மென்பொருளுக்குள் பயனர் நிரல் எழுத வழியிருந்ததால், வடிவமைப்புக்குள்ளிருந்தே ஓரக்கோடுகளை எடுத்துத் தரும் சிறு நிரல்கள் தோன்றின. கெர்பர் வடிவமோ 1998-ல் வெளியான ஆர்.எஸ்.-274எக்ஸ் விவரக்குறிப்பால் தெளிவு பெற்றது. துவார அளவுகளும் அலகும் எண் வடிவமும் கோப்புக்குள்ளேயே வந்துவிட்டன. எந்த மென்பொருளில் வரைந்த பலகையையும் வெளி நிரல் ஒன்று பிழையின்றிப் படித்து வெட்டுப்பாதை தரலாம் என்ற நிலை இதன்பின்தான் உறுதிப்பட்டது. பழைய டி வடிவம் 2014-ல் முறைப்படி கைவிடப்பட்டது.

கோப்பைப் படித்தபின் எஞ்சுவது வடிவியல். தடங்கள், பேடுகள் அனைத்தையும் பலகோணங்களாக்கி, தொட்டுக்கொள்பவற்றை ஒன்றாக இணைத்து, அந்த உருவத்தைப் பிட்டின் பாதி அகலத்துக்கு ஊதிப் பெருக்க வேண்டும். பெருத்த உருவத்தின் விளிம்பே வெட்டுப்பாதை. எத்தகைய பலகோணங்களையும் இணைக்கவும் வெட்டவும் பாலா வாட்டி 1992-ல் வெளியிட்ட முறை, இத்துறை நூலகங்கள் சிலவற்றுக்கு அடித்தளமானது. 2014-ல் வந்த ஃப்ளாட்கேம், அதற்கு முன்பிருந்தே வழங்கும் பிசிபி2ஜிகோட் ஆகிய நிரல்கள் இவ்வகை இணைத்துப் பெருக்கும் வழியில் செல்பவை.

இந்த வழியில் மறைந்திருக்கும் கண்ணி ஒன்று உண்டு. 0.5 மி.மீ. இடைவெளியில் கால்கள் கொண்ட சில்லு ஒன்றின் பேடு 0.3 மி.மீ. அகலம் என்றால், இரண்டு பேடுகளுக்கு நடுவே 0.2 மி.மீ. செம்புதான் அகற்றக் கிடைக்கும். பிட் 0.25 மி.மீ. வெட்டுவதாகக் கொடுத்தால் பெருத்த உருவங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவே பாதையே பிறக்காது. இயந்திரம் ஒழுங்காக ஓடி முடிக்கும், பலகையில் பேடுகள் இணைந்தே இருக்கும். மல்டிமீட்டர் வைத்துத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மாற்று வழியாக எம்.ஐ.டி.யின் மார்செட் வோனா, டேனியலா ரஸ் இருவரும் 2005-ல் வோரோனோய் பிரிப்பை முன்வைத்தனர். ஊர்களுக்கு நடுவே எல்லை வகுப்பதைப்போல, பலகையின் ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு மிக அருகிலுள்ள தடத்துக்கு உரிமையாக்கி, எல்லையில் மட்டும் வெட்டுவது இது. கணக்கைக் கணினியின் வரைகலை அட்டையிடமே ஒப்படைத்தது அவர்களது உத்தி. வெட்டு குறைவு, நேரம் மிச்சம். தடங்களுக்கு நடுவே பாதை விடுபடுவதும் இல்லை. ஆனால் தடங்கள் அகன்ற செம்புப் பரப்புகளாக விரிவதால் உயர் அதிர்வெண் சுற்றுகளுக்கு இது ஏற்றதன்று.

அதே எம்.ஐ.டி.யில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் வளர்த்த ஃபேப் லேப் என்ற சிறு தயாரிப்புக்கூட மரபு கெர்பரையே ஓரங்கட்டியது. அங்கே வடிவமைப்பு ஒரு கறுப்பு-வெள்ளைப் படமாக மாறும். வெள்ளை நிற்கும் செம்பு, கறுப்பு சீவப்படும் செம்பு. படத்தின் புள்ளிகளிலிருந்தே பாதை கணிக்கப்படும். தடத்துக்கு ஓர் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.4 மி.மீ. தடிமனுள்ள பிட்; துளைக்கும் வெளிவிளிம்புக்கும் அதைப்போல் இரு மடங்கு. கண்ணாடியிழைப் பலகையின் தூசு நுரையீரலுக்குக் கேடு, பிட்டையும் விரைவில் மழுக்கும் என்பதால் பினாலிக் காகிதப் பலகையே அங்கு வழக்கம். மகாராஷ்டிரத்தின் பாபலில் உள்ள விஞ்ஞான ஆசிரமம் உலகின் முதல் ஃபேப் லேப்களில் ஒன்று. எளிமையில் படமுறைக்கு நிகரில்லை. படத்தின் தெளிவு அளவு தவறினால் பலகையின் அளவே தவறிவிடும் என்பது அதன் பலவீனம்.

மலிவான மேசை இயந்திரங்கள் பரவியதும் சிக்கல் தளத்திலிருந்து ஆழத்துக்கு நகர்ந்தது. செம்பின் தடிமன் பொதுவாக 35 மைக்ரான்தான். கூம்பு முனை பிட் ஆழம் கூடக்கூட அகலமாக வெட்டும். முனை 0.1 மி.மீ., கோணம் 60 பாகை உள்ள பிட் 0.1 மி.மீ. ஆழத்தில் ஏறத்தாழ 0.22 மி.மீ. அகலத்துக்கு வெட்டும். பலகை ஒரு மூலையில் 0.2 மி.மீ. மேலெழும்பியிருந்தால் அங்கே அதே பிட் 0.45 மி.மீ. தின்றுவிடும்; மெல்லிய தடம் மிஞ்சாது. 30 பாகை பிட்டில் இந்த வேறுபாடு 0.15-க்கும் 0.26-க்கும் இடைப்பட்டது, ஆனால் முனை எளிதில் ஒடியும். பலகையின் மேடுபள்ளத்துக்குக் கிடைத்த தீர்வு செம்பின் மின்கடத்தும் தன்மையிலேயே இருந்தது. பிட்டையும் பலகையையும் கம்பியால் இயந்திரத்தோடு இணைத்து, ஜி38.2 கட்டளையால் பல புள்ளிகளில் பிட்டைத் தொடவைத்தால் உயர வரைபடம் ஒன்று கிடைக்கும். வெட்டுப்பாதையின் ஒவ்வொரு சிறு துண்டின் ஆழத்தையும் அதற்கேற்பத் திருத்தும் நிரல்கள் 2010-களில் பெருகின. அமெரிக்கத் தரநிலை நிறுவனம் வெளியிட்ட ஜி-கோட் விளக்கியும் 2009-ல் தொடங்கிய கிரிபிள் நிரலும் இதற்கான கட்டுப்பாட்டு அடித்தளத்தை எல்லார் கைக்கும் எட்டச் செய்திருந்தன.

இருபக்கப் பலகைக்குக் கூடுதல் வேலை: துளைகளை முதலில் இட்டு, வழிகாட்டி ஊசிகளில் பலகையைக் கவிழ்த்துப் பொருத்தி, அடிப்பக்கக் கோப்பைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புவது. துளைச் சுவரில் செம்பு படியவைக்கும் வேலையை மில்லிங் செய்ய முடியாது. கம்பித் துண்டையோ சிறு ரிவெட்டையோ செருகிப் பற்றவைக்கிறார்கள். இந்தக் கட்டுப்பாடுகள் தயாரிப்புக் கட்டத்தைத் தாண்டி வடிவமைப்புக்கே பின்னோக்கிச் சென்றுள்ளன. கீகேட் போன்ற வடிவமைப்பு மென்பொருளில் தடம் போடத் தொடங்கும் முன்பே தடங்களுக்கிடையே குறைந்தபட்ச இடைவெளியைப் பிட்டின் வெட்டு அகலத்துக்குச் சற்று மேலாக வைத்து, இரு பக்கங்களையும் இணைக்கும் துளைகளை ரிவெட் செல்லும் அளவுக்கு அகலமாக்கி, கூறுகளின் உடலுக்கு அடியில் அவை வராதபடி விதி எழுதிவிடுகிறார்கள்.